பழமரம் தேயிலைச் செடி இல்லை: மலைநாட்டில் வளர்ந்துபோன மரங்களை வெட்டித் திருத்தும் வழி

நாலு வருடத்துக்கு முன்னால் இலங்கை மலைநாட்டில், பண்டாரவளைப் பக்கம் 40 பேர்ச் (கால் ஏக்கர்) காணி ஒன்று என் கைக்கு வந்தது. ஒன்பது ஆனைக்கொய்யா (சந்தையில் அலிகெட்டபேர, கடையில் அவகாடோ), நாலு கொய்யா, இரண்டு பேரிக்காய், இரண்டு தோடை (ஆரஞ்சு), மூலையில் ஒரு பலா. பத்துப் பதினைந்து வருடமாக யாரும் கத்தி வைக்காத மரங்கள். காய் எல்லாம் உச்சியில், அணிலுக்கும் குரங்குக்கும் மட்டும் எட்டும் உயரத்தில். கீழே பட்டப்பகலில் இருட்டு.

என் சித்தப்பா முப்பது வருடம் தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர், அதாவது தேயிலைச் செடியைத் தாழ வெட்டித் தளிர்க்க விடுபவர். "இதுக்கு எதுக்குடா தம்பி யோசனை? இடுப்பளவுக்கு இறக்கிவிடு, கொழுந்து மாதிரி வெடிக்கும்" என்றார். இரண்டு ஆனைக்கொய்யாவை இறக்கினோம். அவர் சொன்ன மாதிரியே வெடித்தது. ஆறே மாதத்தில் ஆளுயரத்துக்குத் தளிர். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன். அடுத்த இரண்டு வருடம் அந்த இரண்டு மரத்திலும் ஒரு பிஞ்சு பிடிக்கவில்லை. ஒன்றில் வெயில் பட்ட பக்கத்துப் பட்டை வெந்து, பாளம் பாளமாக உரிந்தது.

சித்தப்பா மேல் தப்பில்லை. தேயிலையில் நமக்கு வேண்டியது இலை. செடி பூக்கக்கூடாது, வெட்ட வெட்டத் தளிர்க்க வேண்டும். பழமரத்தில் அதையே செய்தால் மரம் நமக்குத் தருவதும் இலைதான். ஆனைக்கொய்யா முற்றிய கிளையின் நுனியில் பூக்கிற மரம். நுனியை எல்லாம் சீவிவிட்டால் பூவும் சேர்ந்து போய்விடும். தேயிலையோடு பழகிய கை நம்மில் பலருக்கு உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் ஒரு பூக்காலம் வெட்டாமல் பாருங்கள்

காணி வாங்கிய ஜோரில் வாளைத் தூக்காதீர்கள். ஒரு கொப்பி எடுத்து மரத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எப்போது பூத்தது, எப்போது காய் இறங்கியது, காய் எந்த உயரத்தில் இருந்தது என்று எழுதி வையுங்கள். மலைநாட்டில் ஒரு மேடு தாண்டினாலே காலம் மாறும், பக்கத்து ஊர்க்காரர் சொல்லும் மாதம் உங்கள் மரத்துக்குப் பொருந்தாமல் போகலாம்.

நண்பகலில் மரத்தடியில் நின்று தரையைப் பாருங்கள். வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்தால் கிளைச்செறிவு அளவாக இருக்கிறது. ஒரு பொட்டுக்கூட இல்லையென்றால் உள்கிளைகளுக்கு வெளிச்சமில்லை. வெளிச்சம் படாத கிளை மெல்ல இலை உதிர்த்துச் சாகும், காய் மேலே ஏறிக்கொண்டே போகும்.

ஆனைக்கொய்யாவில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். காய் பிடிக்காததற்குக் கிளை அடர்த்தி மட்டும் காரணமாக இருக்காது. இதன் பூ இரண்டு தடவை விரியும், ஒரு தடவை பெண்ணாக, இன்னொரு தடவை ஆணாக. 'ஏ' வகை மரத்தில் பூ காலையில் பெண்ணாக விரிந்து மூடி, மறுநாள் பின்னேரம் ஆணாகத் திறக்கும். 'பி' வகையில் பின்னேரம் பெண், மறுநாள் காலை ஆண். ஆனைக்கொய்யா இனங்களில் ஹாஸ் 'ஏ' வகை, ஃபுவேர்ட்டே, பொலொக் இரண்டும் 'பி' வகை. குளிரும் மூடுபனியும் இந்த நேரக்கணக்கைக் குழப்பும் என்பதால் ஒரே மரத்திலும் கொஞ்சம் காய் பிடிக்கத்தான் செய்யும். ஆனாலும் இரண்டு வகையும் அருகருகே இருந்தால் பிடிப்பு கூடும். தனி மரமாக நின்று பூவை எல்லாம் கொட்டுகிறது என்றால், வெட்டுவதைவிடப் பக்கத்தில் மறுவகை ஒட்டுக்கன்று ஒன்றை நடுவதுதான் வேலை. பூத்திருக்கும்போது மருந்தடிக்காதீர்கள், தேனீயும் ஈயும் வராமல் போனால் எந்த வகையும் உதவாது.

2. வாளுக்கு முன் காகிதம்

இந்த இடத்தில்தான் ஆட்கள் அவசரப்பட்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை, அவை உங்கள் சொந்தக் காணியில் நின்றாலும், அனுமதியில்லாமல் தறிக்கக்கூடாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆனைக்கொய்யாவுக்கு நிழலடிக்கிறது என்று என் மூலைப் பலாவை விழுத்தப் பார்த்தேன். கயிறு கட்டும் நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா வந்து தடுத்திருக்காவிட்டால் பொலிஸ் நிலையத்தில் நின்றிருப்பேன். முதலில் கிராம உத்தியோகத்தரிடம் போங்கள், அவர் வழியாகப் பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பம் போகும். கிளையை மட்டும்தான் இறக்கப் போகிறேன் என்றாலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறக்குங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: காணி உறுதியின் அல்லது அரச காணி அனுமதிப்பத்திரத்தின் பிரதி, அடையாள அட்டைப் பிரதி, மரம் எந்த எல்லையில் நிற்கிறது என்று காட்டும் சின்ன வரைபடம் (கையால் கீறினாலும் போதும்), மரத்தின் இரண்டு படங்கள். இவற்றில் ஒன்று குறைந்தாலும் இன்னொரு பஸ் பயணம். நான் மூன்று தடவை அலைந்தேன். காணி கூட்டுப் பெயரில் இருந்தால் மற்றவர்களின் சம்மதக் கடிதத்தையும் முதல் நாளே கொண்டுபோங்கள்.

லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு) பின்னால் உள்ள துண்டில் உங்கள் தாத்தா நட்ட மரமாகவே இருக்கலாம். நிலம் உங்கள் பெயரில் இல்லையென்றால் தோட்ட நிர்வாகத்திடம் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சம்மதம் தோட்டத் துரை (மேலாளர்) மாறினால் காணாமல் போய்விடும்.

மின்கம்பி மரத்தை உரசினால் உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் சொல்லி, அவர்கள் ஆள் வந்த பிறகு வெட்டுங்கள். வெட்டிய கட்டையை லொறியில் ஏற்றி விற்கப்போகிறீர்கள் என்றால், கொண்டுபோவதற்குத் தனி அனுமதி வேண்டிய மரங்கள் உண்டு. அதையும் அதே பயணத்தில் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுவிடுங்கள். அப்புறம், கமநல சேவை நிலையத்துக்குப் போய் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியர் யார் என்று விசாரியுங்கள். அவர் ஒருமுறை வந்து மரத்தைப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். நேரில் முடியாவிட்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 ஆலோசனை இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம்.

3. எந்த மாதம்

இரண்டு நிபந்தனைகள். காய் பறித்து முடிந்திருக்க வேண்டும், அடுத்த பூ மொட்டு வந்திருக்கக்கூடாது. அந்த இடைவெளியில் மழை குறைந்த நாட்களைப் பிடியுங்கள்.

பண்டாரவளை, வெலிமடை, அப்புத்தளை போன்ற ஊவாப் பக்கத்தில் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வறட்சி, ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. ஹட்டன், நாவலப்பிட்டி போன்ற மேற்குச் சரிவில் மே தொடங்கித் தென்மேற்குப் பருவமழை கொட்டும், ஜனவரி முதல் மார்ச் வரைதான் காய்ந்த காலம். ஆகவே பண்டாரவளைக்காரர் சொல்லும் மாதத்தில் ஹட்டன்காரர் வெட்டினால் ஈரத்தில் வெட்டுவாய் அழுகும்.

மழையில் ஏறுபவருக்கும் ஆபத்து. ஆனைக்கொய்யாக் கட்டை சட்டென்று முறியும், நனைந்த பட்டை வழுக்கும்.

4. கருவி, ஆள், காசு

கவ்வாத்துக் கத்தியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தேயிலைக் கிளையில் ஒரே வீச்சில் இறங்கும் கத்தி, மணிக்கட்டுத் தடிமனான பழமரக் கிளையில் பட்டையைக் கிழிக்கும். வேண்டியது மடக்கும் கைவாள் ஒன்று, விரல் தடிமனுக்குக் கிளை வெட்டும் கத்தரி ஒன்று, கயிறு, ஏணி. ஒரு போத்தல் ஸ்பிரிட்டும் துணியும் இடுப்பில் இருக்கட்டும். நோயுள்ள மரத்தில் வைத்த வாளைத் துடைக்காமல் அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

நான் செலவழித்ததைச் சொல்கிறேன், உங்கள் ஊரில் கூடலாம் குறையலாம். வாளும் கத்தரியும் சேர்த்து 7,000 ரூபாய்க்குள் முடிந்தது. ஏறுபவருக்கு நாளுக்கு 4,500, கீழே கயிறு பிடிப்பவருக்கு 2,500, சாப்பாடும் தேநீரும் தனி. பதினேழு மரத்துக்கு முதல் வருடம் நாலு நாள் எடுத்தது. தோட்டக் கூலியை மனதில் வைத்துக் கணக்குப் போடாதீர்கள், மரமேறத் தெரிந்தவர் அந்தக் கூலிக்கு வரமாட்டார். மரத்துக்கு இவ்வளவு என்று பேசினால் அவர் சீக்கிரம் முடிக்கப் பார்ப்பார், கிளையெல்லாம் போய்விடும். நாள் கூலி பேசிக் கூடவே நில்லுங்கள். செயின்சோவோடு ஒருவர் வந்தால் அது பதிவு செய்ததா என்று முதலில் கேளுங்கள்.

ஏறுவதற்கு முன் கீழே நின்று குளவிக்கூடு இருக்கிறதா என்று சுற்றிச் சுற்றிப் பாருங்கள். மலையில் குளவி கொட்டி ஆட்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கியது நம் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் பழமரம்தானே என்று இந்த வேலையை மறந்துவிடுகிறோம்.

5. எதை வெட்டுவது: மூன்று வருடக் கணக்கு

பெரிய மரத்தை ஒரே வருடத்தில் சரிசெய்ய முடியாது. ஒரு தடவையில் இலைப்பரப்பில் நாலில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். அதற்கு மேல் போனால் மரம் பயந்த மாதிரி போத்துகளாக, அதாவது நெட்டையாக வளரும் வெறும் தளிர்களாக, தள்ளும். எங்கள் இரண்டு மரத்துக்கும் நடந்தது அதுதான்.

முதல் வருடம் காய்ந்தது, நோய்பட்டது, ஒன்றோடொன்று உரசுவது, ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழிருந்து கிளம்பியது ஆகியவற்றை எடுங்கள். இதிலேயே மரம் பாதி வெளித்துவிடும். அப்புறம் நடுவில் நெட்டுக்குத்தாக மேலே போகும் பெரிய கிளைகளில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்து, அடியோடு எடுங்கள். ஜன்னல் திறந்த மாதிரி வெளிச்சம் உள்ளே இறங்கும். எதை எடுப்பது என்று குழப்பமாக இருந்தால், தேர்ந்த கிளையில் சிவப்புத் துணி கட்டிவிட்டுத் தூரப் போய் நின்று பாருங்கள். நான் கட்டிய துணியை மூன்று தடவை மாற்றிக் கட்டியிருக்கிறேன். மேலே ஏறியவருக்கு மரத்தின் முழு வடிவம் தெரியாது, கீழே நிற்பவர்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாம் வருடம் உயரம். உச்சியை மட்டமாக அரியாதீர்கள். பக்கவாட்டில் போகும் ஒரு நல்ல கிளை பிரியும் இடம் வரை இறங்கி, அந்தக் கவட்டில் வெட்டுங்கள். மேலே ஏற வேண்டிய சாறு அந்தப் பக்கக் கிளைக்குப் போகும். மொட்டையாக நடுவில் வெட்டினால் வெட்டுவாயைச் சுற்றி விளக்குமாறு மாதிரி போத்து கிளம்பும். உயரத்துக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம்: வரிசைகளுக்கு நடுவே 6 மீற்றர் இருந்தால் மரம் 5 மீற்றரைத் தாண்டக்கூடாது. தாண்டினால் பக்கத்து வரிசையின் கீழ்க்கிளைக்கு வெயில் கிடைக்காது. சரிவில் மேல்வரிசை மரத்தின் நிழல் கீழ்வரிசையில் எங்கே விழுகிறது என்றும் காலையில் பின்னேரத்தில் போய்ப் பாருங்கள்.

மூன்றாம் வருடம் மிச்சமுள்ள ஒன்றிரண்டு நெட்டுக் கிளை. இதற்குள் கீழே புதுக்கிளைகள் காய்க்கத் தொடங்கியிருக்கும், பழையதை எடுக்க மனதுக்கும் கஷ்டமாக இருக்காது.

தரையை ஒட்டித் தாழ்ந்த கிளைகளை எல்லாம் "சுத்தம்" என்று எடுத்துவிடுவது இன்னொரு தவறு. ஆனைக்கொய்யாவில் அந்தப் பாவாடைக் கிளைகள் அடிமரத்தை வெயிலிலிருந்து காக்கும், காயும் கைக்கெட்டும். மண்ணைத் தொடாத அளவுக்கு மட்டும் தூக்கிவிடுங்கள்.

6. கனமான கிளைக்கு மூன்று வெட்டு

மேலிருந்து ஒரே வெட்டாகப் போட்டால் கிளை பாரத்தில் சாய்ந்து, அடிமரத்துப் பட்டையை முழ நீளத்துக்கு உரித்துக்கொண்டு விழும். அதனால் அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, கிளையின் கீழ்ப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு அறுங்கள். அதற்கு இரண்டு விரல் வெளியே தள்ளி மேலிருந்து அறுங்கள், கிளை சுத்தமாக முறிந்து விழும். மூன்றாவதாக மிஞ்சிய குட்டையை எடுங்கள். கிளை மரத்தோடு சேரும் இடத்தில் பட்டை சுருங்கி, மோதிரம் போட்ட மாதிரி கொஞ்சம் தடித்திருக்கும். விரலால் தடவினாலே தெரியும். அந்த மோதிரத்தை மரத்தில் விட்டுவிட்டு, அதை ஒட்டி வெளியே அறுக்க வேண்டும். காயம் மூடி வளர்வது அதிலிருந்துதான். மோதிரத்தையும் சேர்த்து வழித்தெடுத்தால் காயம் மூடாது, குட்டை நீட்டி விட்டால் அது அழுகி உள்ளே இறங்கும்.

வெட்டுவாயில் தார் பூசாதீர்கள். காய்ந்த காலத்தில் சுத்தமாக வெட்டிய வாய் தானாகவே மூடும்.

7. அன்றைக்கே செய்ய வேண்டியது

இத்தனை வருடம் நிழலில் இருந்த பட்டைக்குத் திடீரென்று வெயில் விழுகிறது. குளிர் ஊர்தானே என்று நினைத்துத்தான் என் மரத்தின் பட்டையை வேகவிட்டேன். வெள்ளைத் தண்ணீர்ப் பெயின்ட்டை, அதாவது இமல்ஷனை, சம அளவு தண்ணீரில் கரைத்து, புதிதாக வெயில் படும் கிளைகளின் மேல்பக்கத்திலும் அடிமரத்திலும் அன்று பின்னேரமே பூசிவிடுங்கள். எண்ணெய்ப் பெயின்ட் வேண்டாம்.

வெட்டிய மெல்லிய கிளையையும் இலையையும் சரிவுக்குக் குறுக்கே வரிசையாகப் போடுங்கள். மழை மண்ணை அடித்துப் போகாது, மூடாக்காகவும் ஆகும். அடிமரத்தை ஒட்டிக் குவிக்காதீர்கள், ஒரு முழம் தள்ளியே இருக்கட்டும். ஆனைக்கொய்யாவுக்கு வேரழுகல்தான் எமன், அடியில் ஈரம் தேங்கக்கூடாது. தடித்த கட்டைகளை மட்டும் மரங்களுக்கு நடுவில் மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். தேயிலைக் கிளையில் துளை போடும் வண்டு ஆனைக்கொய்யாவிலும் துளை போடும். விறகாக்கி அடுப்படிக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

முழு மரத்தையே எடுக்க நேர்ந்தாலும் சரிவில் அடிக்கட்டையைத் தோண்டாதீர்கள், அந்த வேர்தான் மண்ணைப் பிடித்திருக்கிறது. உங்கள் இடம் மண்சரிவு அபாயப் பகுதி என்று அறிவிக்கப்பட்டிருந்தால் எந்தப் பெரிய மரத்தில் கைவைக்கும் முன்னும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள்.

8. வெட்டிய பிறகுதான் வேலை

இரண்டு மூன்று மாதத்தில் வெட்டுவாய்களைச் சுற்றிப் போத்து கிளம்பும். அப்படியே விட்டால் இரண்டு வருடத்தில் பழைய இருட்டு திரும்பிவிடும், கொடுத்த கூலி தண்ணீரில் போட்ட மாதிரி. ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஒரு சுற்று வாருங்கள். ஒரு வாய்க்கு இரண்டு அல்லது மூன்று போத்தை மட்டும் வைத்து, வெளிப்பக்கம் பார்த்து வளர்வதாகத் தேர்ந்து, மற்றதை இளசாக இருக்கும்போதே கையால் ஒடித்து எடுங்கள். வாள் தேவையில்லை, வீட்டிலுள்ள பிள்ளைகளே செய்வார்கள். வைத்த போத்து முற்றிப் பூக்க ஒன்றரை இரண்டு வருடம் ஆகும். அதற்குள் "வெட்டியும் காய்க்கவில்லை" என்று மறுபடி வெட்டினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

உரத்திலும் தேயிலைப் பழக்கம் காட்டிக்கொடுக்கும். தேயிலைக்குப் போடும் கலவை இலைக்காகச் செய்தது, நைட்ரஜன் தூக்கலாக இருக்கும். மலிவாகக் கிடைத்தது என்று வெட்டிய மரத்தடியில் கொட்டினால் போத்துக்குத்தான் தீனி. மக்கிய சாணியும் கூட்டெருவும் போதும். வேறு உரம் போடுவதானால் மண் பரிசோதனை செய்து போதனாசிரியர் சொல்லும் அளவில் போடுங்கள்.

9. மற்ற மரங்கள்

கொய்யா இதற்கு நேர் எதிர். அது புதுத்தளிரில் பூக்கும். பறிப்பு முடிந்ததும் தைரியமாக நுனிகளை வெட்டலாம், வெட்டினால்தான் காய். சித்தப்பாவின் கைக்கு வேலை கொடுக்க நல்ல மரம், இப்போது நாலு கொய்யாவும் அவர் பொறுப்பில்தான்.

பேரிக்காய் நெட்டுக்குத்தாக வளர்ந்து இலை மட்டும் காட்டிக்கொண்டு நிற்கும். பழைய கிளைகளில் உள்ள குட்டைக் கணுக்களில்தான் பூ வரும், அவற்றைக் கணுவென்று தெரியாமல் வழித்துவிடாதீர்கள். வெட்டுவதைவிட இளங்கிளையைக் கயிறு கட்டித் தரைக்கு இழுத்து, சாய்வாக நிறுத்துங்கள். சாய்ந்த கிளை வளர்ச்சியைக் குறைத்துப் பூவுக்குத் திரும்பும். கயிறு பட்டையை அறுக்காமலிருக்கப் பழைய சைக்கிள் டியூப் துண்டை நடுவில் வையுங்கள்.

தோடைக்கு அதிகம் வேண்டாம். காய்ந்தது, ஒட்டுக்குக் கீழிருந்து முள்ளோடு வருவது, இவை போதும்.

இறக்கிக் கெடுத்த இரண்டு ஆனைக்கொய்யாவில் ஒன்று போன மழையில் அழுகிவிட்டது. மற்றதில் மூன்று போத்தை வைத்து, இரண்டில் ஃபுவேர்ட்டே ஒட்டுப் போட்டிருக்கிறோம். மற்ற ஏழு மரமும் ஹாஸ்தான். ஒட்டில் ஒன்று பிடித்திருக்கிறது. இந்த வருடத் திருத்த வேலை எல்லா மரத்துக்கும் சேர்த்து ஒன்றரை நாளில் முடிந்தது, ஏணியில் ஏறி நானே வெட்டினேன், கூலிக்கு ஆள் வைக்கவில்லை. பலா இன்னும் அதே மூலையில் நிற்கிறது. அனுமதி கேட்பதை விட்டுவிட்டு அதன் நிழலில் மிளகுக்கொடி ஏற்றிவிட்டேன்.